உப்புக்கு ஓர் எதுகை

எதுகையும் மோனையும் பாட்டுக்கு அழகு என்று உங்களுக்குப் பயிற்சி வகுப்பில் சொல்லியிருப்பார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். முப்பது வருஷம் சுகாதாரப் பிரச்சாரத்துக்குப் பாட்டு எழுதிச் சம்பளம் வாங்கியவன் சொல்கிறேன், அழகு வேண்டும் என்கிறவர்கள் சினிமாவுக்கு எழுதப் போங்கள். நம் வேலையில் எதுகை ஒரு தாழ்ப்பாள். எந்தச் சொல் அசையக் கூடாதோ அந்தச் சொல்லில் போட வேண்டும். நான் அதை வேறு இடத்தில் போட்டேன். அதனால் ஒரு பிள்ளை சாகக் கிடந்தது. அந்தக் கதையை ஆபீஸில் உங்களுக்கு வேறு மாதிரிச் சொல்லியிருப்பார்கள். மேலதிகாரி பேச்சைக் கேட்காத திமிர் பிடித்தவன் என்று சொல்லியிருப்பார்கள். திமிர் இருந்தது உண்மைதான். அது எப்போது தப்பாக இருந்தது, எப்போது சரியாக இருந்தது என்பதை நான் சொல்கிறேன், கேளுங்கள்.

எண்பதுகளின் தொடக்கம். பெரம்பலூரும் அரியலூரும் அப்போது திருச்சி ஜில்லாவில் இருந்தன. ஒரு ஜீப், அதன் தலையில் ஒரு கூம்பு ஒலிபெருக்கி, டோலக் அடிக்க ஒருவர், பாட நான். ஊர் ஊராகப் போவோம். கோடையில் குளமும் கிணறும் அடியைத் தொட்டுவிடும். கலங்கின தண்ணீரைக் குடித்துப் பிள்ளைகளுக்குப் பேதி கண்டுவிடும். பேதியை விட, உடம்பில் தண்ணீர் வற்றிப் போவதுதான் பிள்ளையைக் கொல்லும். அதற்கு வீட்டிலேயே மருந்து உண்டு. காய்ச்சி ஆறிய தண்ணீர் ஒரு சொம்பு, மூன்று விரலால் எடுத்த உப்பு ஒரு சிட்டிகை, சர்க்கரை ஒரு கைப்பிடி. கலக்கிக் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டினால் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும் வரை பிள்ளை தாங்கும். ஆனால் உப்பு கூடிவிடக் கூடாது. கண்ணீரை விட அதிகமாகக் கரித்தால் அந்தத் தண்ணீரே பிள்ளைக்கு எமன்.

இதைப் பாட்டாக்கும் வேலை எனக்கு வந்தது. எங்கள் வட்டாரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் ஓர் இளம் டாக்டரம்மா இருந்தார். மெலிந்த உடம்பு, அதட்டலான குரல். நான் எழுத உட்காருவதற்கு முன்பே என்னைக் கூப்பிட்டு, அளவு தெளிவாகப் பாட்டில் வர வேண்டும், எது சிட்டிகை எது கைப்பிடி என்று யாருக்கும் சந்தேகம் வரக் கூடாது என்றார். நான் சிரித்தேன். பாட்டுக்குள் அளவு வந்தால் அது வாய்ப்பாடு ஆகிவிடும் டாக்டரம்மா, பாட்டு என் பொறுப்பு, மருந்து உங்கள் பொறுப்பு என்றேன். என் மண்டைக்கனம் அப்படி. அவர் அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்.

நான் எழுதின பாட்டு இதுதான்:

சொம்புத் தண்ணி காய்ச்சிக்கோ
சூடு போக ஆத்திக்கோ
உப்பு எடுத்துக் கிள்ளிக்கோ
சக்கரையை அள்ளிக்கோ

பார்த்தீர்களா, எப்படி உருண்டு ஓடுகிறது! கிள்ளிக்கோ, அள்ளிக்கோ. அந்த ஜோடி கிடைத்த அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை. மூன்று விரல், கைப்பிடி என்று முதலில் எழுதியிருந்ததை எல்லாம் அடித்துவிட்டு இதைப் போட்டேன். எங்கள் மேலதிகாரி மேசையைத் தட்டிக்கொண்டே இரண்டு தரம் பாடச் சொல்லிக் கேட்டார். பிரமாதம்யா என்றார். அங்கீகரிக்கப்பட்டது என்று முத்திரை குத்திக் கையெழுத்துப் போட்டார். அதற்கப்புறம் அந்தப் பாட்டு என்னுடையது மட்டுமல்ல, ஆபீஸுடையதும் ஆகிவிட்டது.

சும்மா சொல்லக் கூடாது, பாட்டு பிடித்துக்கொண்டது. நாங்கள் போகாத ஊரிலும் பாடினார்கள். கல்லங்குறிச்சித் திருவிழாவில் ராட்டினக்காரர் அதைப் பாடிக்கொண்டே சுற்றினார். குன்னம் பக்கம் ஒரு நாள் ஜீப்பில் போய்க்கொண்டிருந்தேன். சின்ன வெங்காயம் பிடுங்கிக்கொண்டிருந்த பெண்கள் கூட்டமாக என் பாட்டைப் பாடினார்கள். முன்னால் ஒரு பெண் எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் வாங்கிப் பாடினார்கள். ஜீப்பை நிறுத்தச் சொல்லி ஒரு நிமிஷம் கேட்டேன். எதுகை விழ வேண்டிய இடத்தில் டக் டக்கென்று விழுந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. போகலாம் என்று சொல்லிவிட்டேன்.

இப்போது சொல்கிறேன், என் உத்தியோகத்திலேயே பெரிய தப்பு அந்த ஒரு நிமிஷம்தான். அவர்கள் பாடின சொல் என்ன என்று நான் கேட்கவே இல்லை. தாளம் இடறவில்லை, எதுகை இடறவில்லை, அதனால் எல்லாம் சரி என்று நினைத்தேன். பாட்டு எழுதுகிறவனுக்குத்தான் இந்தச் செவிட்டுத்தனம் வரும். வேறு யாராவது அங்கே நின்றிருந்தால் அன்றே கண்டுபிடித்திருப்பார்கள்.

ஒரு வாரம் கழித்து டாக்டரம்மா ஆள் அனுப்பினார். போனேன். வார்டில் எட்டு மாதப் பையன் ஒருவன் கிடந்தான். வலிப்பு வந்து வந்து போயிருக்கிறது. உதடு உலர்ந்து வெடித்திருந்தது. அழக்கூடத் தெம்பில்லாமல் கண்ணைச் செருகிக்கொண்டு கிடந்தான். பக்கத்தில் அவனைப் பெற்றவள் நின்றாள். வெங்காயக் கொல்லையில் எடுத்துக் கொடுத்துப் பாடினாளே, அதே பெண். அவள் பேரை நான் எங்கேயும் சொன்னதில்லை, இங்கேயும் சொல்ல மாட்டேன். டாக்டரம்மா என்னைப் பார்க்காமல் அவளைக் கேட்டார்.

“ஏம்மா, தண்ணியில எவ்வளவு உப்பு போட்ட? சார்கிட்டச் சொல்லு.”

அவள் பயந்து போய்ச் சொல்லாமல், பாடினாள். வார்டில் மற்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சன்னமான குரலில், சுருதி தப்பாமல் பாடினாள்.

“உப்பு எடுத்து அள்ளிக்கோ, சக்கரையக் கிள்ளிக்கோ.”

மாற்றிப் பாடுகிறாய் என்று சொல்ல வாயைத் திறந்தேன். ஆனால் அந்த வரி இம்மிகூட இடறவில்லை. என் வரியை விட நன்றாகவே இருந்தது. அள்ளிக்கோவும் கிள்ளிக்கோவும் ஒரே அளவு, ஒரே எதுகை, ஒரே முடிவு. எதை எங்கே வைத்தாலும் பாட்டு முகம் சுளிக்காது. உயிர் போகிற இரண்டு சொல்லை இடம் மாற்றிக்கொள்ளத் தோதாகப் பின்னி வைத்திருந்தேன். டாக்டரம்மா அப்போதுதான் என்னைப் பார்த்தார்.

வெளியே வராந்தாவில் அவளிடம், ஏன்மா அள்ளிப் போட்டாய், அவ்வளவு உப்பு கரிக்காதா என்று கேட்டேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. வரட்டும் என்று நின்றேன்.

“எங்க வூட்டுல சக்கரை அள்ளுற அளவுக்கா சார் கெடக்கு? ரேஷன்ல போடுறது மாசத்துல பாதி நாளு வராது. அதக் கிள்ளித்தான் எடுப்போம். உப்புதான் பானையில கெடக்கு, கூழுக்கு அள்ளித்தான் போடுவோம். பாட்டும் அப்டித்தானே வருது? கரிக்குதேன்னு நெனச்சேன். கவர்மெண்டு பாட்டு பொய் சொல்லுமான்னு ஊட்டிப்புட்டேன்.”

பாருங்கள். சர்க்கரையைக் கிள்ளுவதும் உப்பை அள்ளுவதும் அவள் கையின் பழக்கம். அந்தப் பழக்கம் என் பாட்டுக்குள் வந்து சொல்லை இடம் மாற்றிப் போட்டது. தடுக்க வேண்டிய எதுகை கதவைத் திறந்து விட்டுவிட்டது. நான் கூழ் குடித்து வளர்ந்தவன்தான். பேனாவைப் பிடித்ததும் அது எனக்கு மறந்துவிட்டது. அன்று மத்தியானமே ஜீப்பை எடுத்துக்கொண்டு நாலைந்து ஊருக்குப் போய்ப் பெண்களைப் பாடச் சொல்லிக் கேட்டேன். சில இடத்தில் சரியாகப் பாடினார்கள். சில இடத்தில் அள்ளிக்கோ உப்புக்குப் போயிருந்தது. ஒரே தெருவில் இரண்டு விதமாகவும் பாடினார்கள். இரண்டும் சரியென்றுதான் அவர்கள் காது சொன்னது.

மேலதிகாரியிடம் ஓடினேன். இங்கேதான் நெருக்கடி. நாலு நாளில் அரியலூரில் ஒரு பெரிய சுகாதார விழா. அந்தப் பாட்டைத் துண்டறிக்கையாக அச்சடித்துக் கட்டுக் கட்டாக வைத்திருந்தார்கள். விழாவில் நான் அதை மேடையில் பாட வேண்டும். அன்றைக்கே கட்டுகள் எல்லா ஒன்றியத்துக்கும் போகும். பாட்டை நிறுத்துங்கள், பிள்ளைகள் சாகும் என்றேன். அவர் அசரவில்லை. அச்சில் சரியாகத்தானே இருக்கிறது, படிக்காதவள் மாற்றிப் பாடினால் நாம் என்ன செய்ய முடியும் என்றார். படிக்காதவர்களுக்காகத்தான் சார் பாட்டு, படித்தவனுக்கு எதற்குப் பாட்டு என்றேன். அவருக்கு முகம் சிவந்துவிட்டது.

“அப்ரூவ் ஆன பாட்டுய்யா அது. ஒரு எழுத்து மாத்துனாலும் உன் மேல மெமோ. போய் ஒழுங்கா ஒத்திகை பாரு.”

போனேன். ஒத்திகைக்கு இல்லை, ஆஸ்பத்திரிக்கு. பாடாதீர்கள் என்று நான் ஊர் ஊராகச் சொல்லலாம். அதனால் ஒரு பிரயோஜனமும் கிடையாது. நாக்கில் ஏறிவிட்ட பாட்டைச் சுற்றறிக்கை போட்டு இறக்க முடியாது. அதை விட நன்றாக நாக்கில் ஒட்டுகிற இன்னொரு பாட்டு வந்துதான் அதை இறக்க வேண்டும். நாலு நாளில் அப்படி ஒன்று வேண்டும். அதைச் சோதித்துப் பார்க்க ஒரு காதும் வேண்டும். என் காதை நான் அதற்குள் நம்புவதை விட்டுவிட்டேன்.

பையனுக்குச் சொட்டுச் சொட்டாக மருந்து இறங்கிக்கொண்டிருந்தது. டாக்டரம்மா அவனை விட்டு நகரவில்லை. வெளியே வராந்தாவில் அவனைப் பெற்றவளும் நானும் உட்கார்ந்தோம். அவள் முதலில் முகம் கொடுத்துப் பேசவில்லை. எம் புள்ள கண்ணு தொறக்காமக் கெடக்குறான், உங்களுக்குப் பாட்டு கேக்குதா என்றாள். கேட்க வேண்டிய கேள்விதான். இன்னொருத்தி பிள்ளைக்கு இப்படி வரக் கூடாது என்று சொன்னேன். வார்டுக்குள் எட்டிப் பையனைப் பார்த்தாள். அப்புறம், பாடுங்க பாப்போம் என்றாள்.

நான் ஒரு வரி சொல்வேன். அவள் உடனே அதை மாற்றிப் பாடிப் பார்ப்பாள். உப்பு இருக்கிற இடத்தில் சர்க்கரையைப் போடுவாள், சர்க்கரை இருக்கிற இடத்தில் உப்பைப் போடுவாள். இடறாமல் போனால் தலையை ஆட்டுவாள்: “இது மாறிப்புடும் சார். வேற சொல்லுங்க.” அந்த ஒரு வாக்கியத்தை எத்தனை தரம் கேட்டேன் என்று கணக்கில்லை. நான் எழுதின அழகான வரி எல்லாம் அவளிடம் தோற்றது. இலக்கணம் படித்து வந்திருக்கிறேன், யாப்பு தெரியும் என்றெல்லாம் அவளிடம் சொல்ல முடியுமா? வாயை மூடிக்கொண்டு அடுத்த வரியைச் சொன்னேன்.

உப்புக்கு எதுகை தேடினேன். உப்பு, தப்பு. சக்கரைக்குத் தேடினேன். சக்கரை, அக்கறை. மறுநாள் மாலைக்குள் பாதி வந்தது. கடைசி வரி அவளுடையது.

உப்புக்கு மூணு விரலே போதும்
தப்பிப் போனா நாக்கே ஓதும்
சக்கரை மட்டும் கைப்பிடி வேணும்
அக்கறை இருந்தா அள்ளத் தோணும்

அவள் மாற்றிப் பாடினாள். “சக்கரைக்கு மூணு விரலே போதும், தப்பிப் போனா...” என்று ஆரம்பித்தவள் அங்கேயே நின்றுவிட்டாள். மறுபடி முயன்றாள். மறுபடி இடறியது. சக்கரைக்குப் பின்னால் தப்பி என்கிற சொல் வந்து ஒட்டவில்லை. முதல் தடவையாக அவள் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. இது மாறாது சார், மாத்துனா கேக்குறவ சிரிச்சுருவா என்றாள். நுனி நாக்கில் ஒரு சொட்டு வைத்துப் பார், கரித்தால் கொட்டிவிடு என்கிற எச்சரிக்கையும் அதற்குள்ளேயே வந்துவிட்டது. அன்று ராத்திரி பையன் கண் திறந்து பால் குடித்தான். மறுநாள் அவள் கூட்டத்துப் பெண்கள் பிள்ளையைப் பார்க்க வந்தார்கள். அவள் அவர்களுக்குப் பாட்டைச் சொல்லிக் கொடுத்தாள்.

விழா நாள். பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல். கூட்டம் சேர்க்கச் சுற்று வட்டாரத்திலிருந்து பெண்களை லாரியில் ஏற்றிவந்தார்கள். அதில் ஒரு லாரியில் அவளும் அவள் ஆட்களும், இடுப்பில் பையனோடு. என் பேரைக் கூப்பிட்டதும் மேடையேறினேன். நான் தற்காலிகப் பணியில் இருந்தவன். என்னை நம்பி வீட்டில் ஐந்து பேர். மேலதிகாரி முன்வரிசையில் உட்கார்ந்து என்னையே பார்த்தார். மைக்கைப் பிடித்தேன்.

“அள்ளிக்கோ கிள்ளிக்கோ பாட்டை இனிமே யாரும் பாடாதீங்க. எழுதுனவன் நான்தான். அது தப்பான பாட்டு. அதனால ஒரு பிள்ளை செத்துப் பொழைச்சிருக்கு.”

டோலக் அடிப்பவருக்குத் தலையாட்டினேன், மனுஷன் ஒரு நொடி தயங்கி அடித்தார். உப்புக்கு மூணு விரலே போதும் என்று எடுத்தேன். இரண்டாம் வரி முடிவதற்குள் மைக் செத்துவிட்டது. மேலதிகாரி கை காட்டியதை நான் பார்த்தேன். என் தொண்டை அந்தப் பந்தலுக்குப் போதாது. ஆனால் கொல்லை வெளியில் பாடிப் பழகினவளுக்கு மைக் எதற்கு? பெண்கள் பக்கத்திலிருந்து அவள் எடுத்தாள். அவள் கூட்டம் வாங்கிப் பாடியது. இரண்டாம் சுற்றில் பக்கத்து லாரிப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். மூன்றாம் சுற்றில் பந்தலே பாடியது. விழாவுக்கு வந்திருந்த டாக்டரம்மா எழுந்து மேடையில் இருந்த பெரியவர்களிடம் போய் ஏதோ சொன்னார். அந்தத் துண்டறிக்கைக் கட்டுகள் அன்றைக்கு அவிழ்க்கப்படவில்லை, அப்புறமும் அவிழ்க்கப்படவில்லை.

மெமோ மூன்றாம் நாள் வந்தது. அங்கீகரித்த பாட்டைப் பாட மறுத்தது, பொதுமேடையில் அலுவலகத்தை இழிவுபடுத்தியது, அனுமதியில்லாமல் வேறு பாட்டைப் பாடியது. மேலதிகாரி என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு வழியும் சொன்னார். பாட்டைத் தவறாக மாற்றிப் பாடியது அவள்தான் என்று ஒரு காகிதம் எழுதி, அதில் அந்தப் பெண்ணிடம் ஒரு கைநாட்டு வாங்கி வந்தால் போதும். பாட்டின் மேல் குற்றமில்லை என்று ஆகிவிடும், மெமோவும் போய்விடும். முடியாது என்றேன். இதை அவளுக்கு யாரோ சொல்லிவிட்டார்கள். ஆபீஸ் வாசலுக்கே வந்துவிட்டாள்.

“காகிதத்தக் குடுங்க சார், வச்சுத் தாரேன். எம் பேருல இருந்தா என்ன கெட்டுப் போச்சு? உங்க வேல போவக் கூடாது.”

நான் அவளிடம் கத்தினேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. பெற்ற பிள்ளைக்கு விஷம் வைத்தவள் என்று உன் பேரில் ஒரு காகிதம் எழுதி ஆபீஸில் வைக்க விடுவேனா, போம்மா வீட்டுக்கு என்று கத்தினேன். அவள் அழுதுகொண்டே பஸ் ஏறினாள். உள்ளே போய் விளக்கக் கடிதம் எழுதினேன். வருத்தம் தெரிவிக்கச் சொல்லியிருந்தார்கள், நான் தெரிவிக்கவில்லை. பாடியவர் மேல் எந்தத் தவறும் இல்லை, மாற்றினாலும் இடறாதபடி பாட்டை எழுதியது நான், தவறு முழுக்க என்னுடையது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என்னை உடையார்பாளையம் பக்கம் தூக்கிப் போட்டார்கள். பணி நிரந்தரமான போது ஒரு வருஷ ஊதிய உயர்வையும் நிறுத்தினார்கள்.

நீங்கள் எழுதுகிற ஒவ்வொரு வரியையும் யாரிடமாவது கொடுத்துத் தப்பாகப் பாடச் சொல்லுங்கள். தப்பாகப் பாடும்போது இடறினால் வெளியே விடுங்கள். இடறவில்லை என்றால், எவ்வளவு அழகாக இருந்தாலும், யார் முத்திரை குத்தியிருந்தாலும், கிழித்துப் போடுங்கள். முத்திரை குத்துகிறவர் உங்களை முறைப்பார். முறைக்கட்டும்.

பின்னால் வந்த ஒரு அதிகாரி நல்ல மனிதர். என் பணிப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, அநியாயம் நடந்திருக்கிறது, ஒரு அப்பீல் எழுதிக் கொடுங்கள், தண்டனையை ரத்து செய்து அந்தப் பக்கத்தையே எடுத்துவிடலாம் என்றார். நான் ஓய்வு பெறுவதற்குள் இரண்டு தரம் கேட்டார். நான் எழுதித் தரவில்லை. என் தண்டனையோடு என் விளக்கக் கடிதமும் சேர்த்து ஒட்டப்பட்டிருக்கிறது. அந்தப் பிள்ளைக்கு நேர்ந்தது அவனைப் பெற்றவளின் தவறல்ல என்று அரசாங்கக் காகிதத்தில் எழுதியிருக்கிற ஒரே இடம் அதுதான். அதைக் கிழிக்க நான் கையெழுத்துப் போடுவேனா?